சண்டைச் சுவர்

சொத்துக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகளை நான் ஓரளவு மன்னித்துவிடுவேன். அங்கே ஏக்கர் என்றோ சென்ட் என்றோ கையில் பிடித்துக் காட்ட ஏதாவது ஒன்று இருக்கும். என் வீட்டுக்காரர் நஞ்சுண்டனும் அவருடைய அண்ணன் சென்னியப்பனும் பேச்சை நிறுத்தியது ஒரு ‘வாங்க’வுக்காக. கொங்கு நாட்டுக்கு வெளியே யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். “அப்பறம்? வாங்கன்னு கேக்காத ஊட்டுல எப்படிங்க காலை வெக்கறது?” என்பார்கள்.

எங்கள் பக்கம் ஒருவர் வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக அவரை ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். சரவணம்பட்டியில் நாங்கள் புது வீடு குடிபோன அன்று பெரிய மாமா சென்னியப்பன் பெருந்துறையிலிருந்து குடும்பத்தோடு வந்து கேட்டருகே நின்றார். என் வீட்டுக்காரர் ஹோம குண்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. புகையில் ஆள் தெரியவில்லை என்று இவர் சொல்கிறார். நேராகக் கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான் என்று அவர் சொல்கிறார். நான் ஓடிப்போய் இரண்டு தடவை ‘வாங்க மாமா’ என்று கேட்டேன். வீட்டில் ஆம்பளை இருக்கும்போது பொம்பளை சொல்லும் ‘வாங்க’ செல்லாது போலிருக்கிறது. மாமா பந்தலில் காலை வைக்காமலே காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவர் நாச்சியம்மாள். அவருக்குத் தங்கை, இவருக்கு அக்கா. கணவரின் அக்காவை எங்கள் வழக்கத்தில் நங்கை என்போம். தாராபுரத்தில் வாக்கப்பட்டு, அங்கேயே விதவையாகி, ஒரே மகன் கவினைப் படிக்கவைத்து ஜெர்மனிக்கு அனுப்பினார். பொங்கலுக்குப் பெரியவர் காலையில் சீர் கொண்டு போவார், சின்னவர் சாயங்காலம் கொண்டு போவார். தெருமுனையில் எங்கள் டிரைவர் வண்டியை மெதுவாக்கி, பெரிய மாமாவின் கார் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே திருப்புவார். நங்கை இரண்டு தடவை சமைப்பார், இரண்டு தடவை இலை போடுவார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அவருக்குச் சர்க்கரை ரொம்ப நாளாக உண்டு. அது கண்ணுக்குப் போய்விட்டது. இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து போன வருஷமே அது இருண்டுபோனது. மிச்சமிருந்த வலது கண்ணுக்கு கோயமுத்தூரில் லேசர் வைத்தார்கள். அதிலும் நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது. கதவைப் பாதி சாத்திக்கொண்டு பார்க்கிற மாதிரி என்று அவரே சொல்வார். ‘இதுவும் எப்ப வேணாலும் கசியலாம், கசியாமலும் இருக்கலாம்’ என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, மகனிடம் போயிருக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அங்கிருந்து ஒரு நாள் என் வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. “தம்பி, கவின் இருக்கற ஊருல ஆத்தோரமா பூராவும் கோட்டைங்களாமா. கண்ணு இருக்கறப்பவே பாத்துக்கறேன். நீ வந்து கூட்டிட்டுப் போயிக் காட்டு சாமி.” கூடப் பிறந்தவள் கேட்டு மாட்டேன் என்று சொல்கிற ஆண் எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. மோட்டார் பம்பு கம்பெனியை மேனேஜரிடம் விட்டுவிட்டு இவர் கிளம்பினார், நானும் கிளம்பினேன். இதே வார்த்தையை மாற்றாமல் பெருந்துறைக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார் என்பது, கோப்ளென்ஸ் என்ற ஊரில் கவினின் வீட்டுக் கதவு திறந்தபோதுதான் தெரிந்தது. சோபாவில் பெரிய மாமா உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் முழங்கால் வலி என்று வரவில்லை.

“வாங்க மாமா, வாங்கத்தை” என்றான் கவின். “வா தம்பி, வா ராமாமணி” என்றார் நங்கை. பெரிய மாமா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அவரும் விருந்தாளிதான் என்பதால் ‘வாங்க’ கேட்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. சட்டப்படி தப்பில்லாமல் நடந்துகொள்வதில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு பந்தியாகப் போட்டோம். நங்கை தட்டு கழுவிக்கொண்டே என்னிடம் மட்டும் மனசைத் திறந்தார்.

“கோட்டையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் அம்மணி. அப்பா காரியத்துக்கப்பறம் அவுங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சு நான் பாக்கவே இல்ல. இந்தக் கண்ணுல ஒரு ஆளுதான் தெரியும். ரெண்டு பேரும் ஒட்டி நின்னாத்தான் சேந்து தெரிவாங்க. அப்படி ஒருக்காப் பாத்துபோட்டன்னா, அப்பறம் இது போனாப் போகுது.”

“நேராக் கேட்டுருங்களேன் நங்க.”

“கேப்பேன். அதுக்கு ஒரு எடம் இருக்குது. கவினு சொல்லியிருக்கான்.”

மறுநாள் காலை கவினின் காரில் கிளம்பினோம். வண்டியில் ஏறுவதே பெரும்பாடாகப் போனது. புருஷனின் அண்ணன் பக்கத்தில் நான் உட்காரக் கூடாது, அது எங்கள் முறை. அண்ணனும் தம்பியும் ஒட்டி உட்கார மாட்டார்கள், அது அவர்கள் முறை. கடைசியில் நான் முன்சீட்டிலும், பின்னால் நங்கை நடுவிலும், ஜன்னலுக்கு ஒருவராக இவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். வலது பக்கம் ரைன் ஆறு ஓடியது. அமராவதியில் வெள்ளம் வரும்போது இருக்கிற அகலம் இதற்குச் சாதாரண நாளிலேயே இருந்தது. நீளநீளமான சரக்குப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. ஐப்பசி மாதம். இரண்டு கரையிலும் சரிவெல்லாம் திராட்சைக் கொடி மஞ்சளாகிக் கிடந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் மலை உச்சியில் ஒரு கோட்டை. முதல் கோட்டையைப் பார்த்ததும் வாயைப் பிளந்த நான் நாலாவதில் சாதாரணமாகிவிட்டேன்.

மார்க்ஸ்பர்க் என்ற கோட்டையில் இறங்கி உள்ளே போனோம். கல் பாவிய பாதை, இரும்புக் கவசம், பீரங்கி, பழைய சமையற்கட்டு எல்லாவற்றையும் காட்டினார்கள். என் வீட்டுக்காரர், முற்றுகை போட்டால் தண்ணீருக்கு என்ன செய்வார்கள், கிணறு எத்தனை அடி என்று கவினைத் துளைத்துக்கொண்டிருந்தார். சங்ககிரி மலைக்கோட்டைக்குப் போனாலும் அவர் கேட்பது இதைத்தான். பெரிய மாமா எதிர்ப்பக்கம் பீரங்கிகளின் நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நங்கை என் கையைப் பிடித்தபடி முற்றத்தில் நின்று, தலையை இப்படித் திருப்பித் தம்பியைப் பார்த்தார், அப்படித் திருப்பி அண்ணனைப் பார்த்தார். எத்தனையோ நூறு வருஷத்துக் கோட்டையை அவர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கவின் காரை மலைமேல் ஏற்றினான். அங்கே ஒரே மலையில் இரண்டு கோட்டைகள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் பெயர் ஸ்டெரன்பெர்க், மற்றதன் பெயர் லீபன்ஸ்டைன். ஒரு வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்கிற தூரம்தான் இரண்டுக்கும். நடுவில் தடித்த கல்சுவர் ஒன்று, பாதி இடிந்து பாசி பிடித்து நின்றது. சுவரின் முன்னால் ஒரு பெஞ்சு இருந்தது. நங்கை அதில் உட்கார்ந்துகொண்டு, “கண்ணு, அந்தக் கதையச் சொல்லு. மாமங்க கேக்கட்டும்” என்றார்.

கவின் சங்கடத்தோடு ஆரம்பித்தான். “இது நெசமா நடந்துச்சான்னு தெரியாதுங்க மாமா. இந்த ஊர்ல சொல்லற கதை. ஒரு பிரபுவுக்கு ரெண்டு பசங்க, ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாது. அப்பா செத்ததுக்கப்பறம் பசங்க பொன்னை நெல்லு அளக்கற வள்ளத்துல அளந்து பங்கு போட்டாங்களாமா. அவுங்கவுங்க பங்குக்கு நெறைய அளந்துக்கிட்டு, தங்கச்சி பங்குக்கு மட்டும் வள்ளத்தைக் கவுத்து வெச்சு, அடிப்பக்கத்து மேல கொஞ்சமாப் பரப்பி, தடவிப் பாரு நெறஞ்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு தடவிப் பாத்துட்டு நம்பிருச்சு. அப்பறம் அவுங்க ரெண்டு பேத்துக்குமே ஒத்து வரல. ஆளுக்கொரு கோட்டையில இருந்துக்கிட்டு நடுவுல செவுரு வெச்சுட்டாங்க. ஜெர்மன்லயே இதுக்குப் பேரு சண்டைச் செவுருங்க.”

“கடைசியில சேந்தாங்களா, இல்லையா?” என்றேன் நான்.

கவின் அம்மாவைப் பார்த்தான். “சேந்தாங்கத்தை, ஆனா...”

“போதும் கண்ணு” என்றார் நங்கை.

அந்த ‘ஆனா’வைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ராசியாகி, விடிந்ததும் சேர்ந்து வேட்டைக்குப் போகலாம் என்று பேசியிருக்கிறார்கள். முதலில் எழுந்தவன் மற்றவனின் ஜன்னல் கதவில் அம்பு விட்டு எழுப்புவது என்று ஏற்பாடு. அம்பு வருகிற நேரம் பார்த்து ஒருவன் கதவைத் திறந்துவிட்டான். நல்ல காரியத்தைக்கூட நேரங்காலம் தெரியாமல் செய்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

கதை முடிந்ததும் நங்கை இரண்டு பேரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார். “நீங்க என்னை ஏமாத்தல. எனக்குச் சீரு செனத்தியில ஒரு கொறையும் வெக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்ற முன்னால ரெண்டு பேரும் ஒட்டி நில்லுங்க. ஒருக்காப் பாத்துக்கறேன். அப்பறம் நீங்க பேசுனாலும் செரி, பேசாமப் போனாலும் செரி, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

இவ்வளவுதான். நாலு எட்டு எடுத்து வைத்திருந்தால் முடிந்திருக்கும். பெரிய மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அம்மணி, நான் இந்தக் கோட்டைய ஒரு பார்வை பாத்துட்டு வாரேன்” என்று ஸ்டெரன்பெர்க் பக்கம் போனார். இவர், “அக்கா, நான் அதைப் பாத்துட்டு வாரேன்” என்று லீபன்ஸ்டைன் பக்கம் போனார். நங்கை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

கவின் பெரியவரைக் கூப்பிடப் போனான். நான் சின்னவரைக் கூப்பிடப் போனேன். போனவுடன் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்தது எங்கள் புத்திக் குறைவு. கவின் மூச்சு வாங்கத் திரும்பி ஓடி வந்தான். “அத்தை, பெரிய மாமா என்ன சொல்றாருன்னா, அன்னிக்கும் அவன் கேக்கல, இன்னிக்கும் கேக்கல, வந்து வாங்கண்ணான்னு ஒரு வார்த்தை கேட்டா வந்து நிக்கறேங்கறாரு.” நான் அதைக் கொண்டுபோய் இவரிடம் சொன்னேன். இவர் மதில் ஓரமாக நின்று கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன என்ற ஊடா, நான் வாங்கன்னு கேக்கறதுக்கு? எவனோ கட்டுன கோட்டை. கேக்கற உரிமை நமக்கு ஏது? அவரு மூத்தவரு. அவரு வந்து மொதல்ல நிக்கட்டும். நானென்ன மாட்டேன்னா சொல்றேன்?”

நான் அதைக் கவினிடம் சொன்னேன். அவன் அங்கே ஓடினான். ‘மூத்தவன் போய் நின்னு, அவன் வராமப் போயிட்டா எம்மூஞ்சிய எங்க வெக்கறது’ என்று பதில் வந்தது. நான் திரும்ப இவரிடம் போனேன். இப்படி இரண்டு பேரும் மலைமேல் அலைந்துகொண்டிருந்தோம். காற்று சில்லென்று வீசியது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. மூன்றாவது தடவை எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊரா நாடா என்று பார்க்கவில்லை.

“ஏனுங்க, உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா? அங்க அவுங்க ஒத்தக் கண்ணை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீங்க இங்க நின்னு ரைனுக்கு மோட்டார் போட எடம் பாத்துக்கிட்டிருக்கீங்க. ஹோமப் புகையில கண்ணு தெரியலைன்னு இத்தன வருஷமாச் சொல்றீங்களே, இங்க எந்தப் புகைங்க? ஒரு வார்த்தை. சொன்னா வாயில முத்தா உதுந்துரும்? இவ்வளவு தூரம் வந்து அவுங்களைப் பாக்க உடாமக் கூட்டிட்டுப் போனீங்கன்னா, சாகற வரைக்கும் நான் உங்க மூஞ்சிய நிமுந்து பாக்க மாட்டேன்.”

நான் திரும்பிப் பார்க்காமல் பெஞ்சுக்கு நடந்தேன்.

நங்கை வலது கையை முகத்துக்கு முன்னால் தூக்கி விரித்து, மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆரு, ராமாமணியா?”

நான் அவருக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

“கறுப்பா நூலு நூலா எறங்குச்சு அம்மணி. அப்பறம் மை கொட்டுன மாதிரி ஆயிப்போச்சு. அந்தக் கண்ணுக்கும் இப்படித்தான் வந்துது.”

“ஐயோ நங்க! கவினைக் கூப்பிடறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அவர் என் கையைத் தேடிப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்தப் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“போலாம். போன தடவை ஓடோடிப் போயுந்தான் அது திரும்பல. சத்தம் போடாத. இவுங்களுக்குத் தெரிஞ்சுதுன்னா உன்னாலதான் உன்னாலதான்னு ஆயுசுக்கும் அடிச்சுக்குவாங்க. ஒரு வாங்கவுக்கே இத்தன வருஷம். இதுக்கு எத்தன வருஷம் ஆகும், நீயே சொல்லு. நான் பாத்துட்டேன்னு சொல்லீர்றேன். நீயும் வாயத் தொறக்காத.”

எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகளின் ரோசத்துக்கு, ஒரு பெண் தன் கண் போனதைக்கூட மறைத்துவைக்க வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது. சொல்லித் தொலைத்தால்தான் என்ன, உறைக்கட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நங்கை என் கையை விடவில்லை.

அப்போது என் வீட்டுக்காரர் எங்களைத் தாண்டிக்கொண்டு போனார். பெஞ்சுக்கு இடது பக்கம் சுவர் இடிந்த இடத்தில் ஏறி நின்று, ஸ்டெரன்பெர்க் பக்கம் பார்த்து, தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

“அண்ணா! வாங்கண்ணா!”

பிறகு பெரிய மாமா கோட்டை வாசலில் தெரிந்தார். எழுபதை நெருங்குகிற மனிதர், சரளைக் கல்லில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தார். பின்னால் கவின், “மெதுவா மாமா” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அவர் தம்பியின் முன்னால் வந்து நின்று, இரைக்க இரைக்க, “வந்தேன்டா” என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது.

“வந்துட்டீங்களா ரெண்டு பேரும்?” என்றார் நங்கை. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. “வாங்க, என்ற முன்னால வந்து ஒட்டி நில்லுங்க.”

அவர்கள் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து பெஞ்சுக்கு வலப்பக்கமாக நின்றார்கள். தோளும் தோளும் படுகிற மாதிரி நின்றார்கள். நங்கை அவர்களின் குரல் கடைசியாகக் கேட்ட இடது பக்கம் முகத்தைத் திருப்பி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வாய் நிறையச் சிரித்தார். அந்தப் பக்கம் பாசி பிடித்த கல்சுவர் மட்டும் இருந்தது.

நான் அவர் கையை அழுத்துவதற்குள் பெரிய மாமா பார்த்துவிட்டார். தங்கையின் கண்ணைப் பார்த்தார், அது போகிற திசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“என்னண்...” என்று இவர் வாயெடுத்தார். பெரிய மாமா உதட்டில் விரலை வைத்தார். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, சருகு மிதிபடாமல், இரண்டு பேரும் நுனிக்காலில் நடந்து, சுவர் ஓரமாகப் போய், நங்கையின் பார்வை விழுகிற இடத்தில் நின்றார்கள். அங்கே போய் நின்று அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்குப் புரிந்தது. கழுத்துத் துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கவின் அசையாமல் நின்றான்.

“பாத்துட்டேன்” என்றார் நங்கை. “ரெண்டு பேருமே அப்படியே அப்பா சாடை. இத்தன நாளு நான் இதைக் கவனிக்கவே இல்ல.”

பெரிய மாமா தம்பியின் கையை விடாமல், குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “நல்லாப் பாத்துக்க அம்மணி” என்றார். “நீ போதுங்கற வரைக்கும் நிக்கறோம்.”